கண்ணாடியைக் காக்கச் சட்டைக்குள் ஒரு பை!

"கண்ணு போயிடுச்சுப்பா. பேப்பர்ல எழுத்தே தெரியல. எல்லாம் பனி மூட்டமா இருக்கு."

பூதிகோட்டையில் இருக்கும் என் சித்தப்பா ஒரு நாள் தொலைபேசியில் இப்படிச் சொன்னார். குரல் தழுதழுத்தது.

சித்தப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் கூண்டில் இறங்கி வேலை பார்த்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகும் சில ஆண்டுகள் அங்கேயே லைன் வீட்டில் இருந்துவிட்டு, பூதிகோட்டையில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். காலையில் தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். அப்படிப்பட்டவர் பேப்பரைத் தொட்டுப் பத்து நாள் ஆகிவிட்டது என்றார்.

அடுத்த நாளே புறப்பட்டுப் போனேன். பங்காருப்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். டாக்டர் கண்களை விளக்கு வைத்துப் பார்த்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பிறகு சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சிரித்துவிட்டார்.

"பெரியவரே, உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. கெட்டுப் போனது கண்ணாடிதான். இதை எதாலே துடைக்கிறீங்க?"

சித்தப்பா சட்டையின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

நானும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். சிலந்தி வலை பின்னியது போல ஆயிரம் கீறல்கள்! அத்தனையும் சட்டை ஓரம் போட்ட கோலம்.

சாம்பல் கோட்டை

பூதிகோட்டை என்ற பெயரைக் கேட்டதும் வரலாறு படித்தவர்களுக்கு ஹைதர் அலி நினைவுக்கு வருவார். மைசூர் அரசை ஆண்டு, ஆங்கிலேயரை நடுங்க வைத்த ஹைதர் அலி பிறந்த ஊர் இது. ஊர்ப் பெயருக்கே ஒரு பொருள் உண்டு. பூதி என்றால் சாம்பல், திருநீறு. பூதிகோட்டை என்றால் சாம்பல் கோட்டை. விபூதிபுரம் என்றும் இதற்குப் பழம்பெயர் சொல்வார்கள்.

சாம்பலை நம் பாட்டிமார் எதற்குப் பயன்படுத்தினார்கள்? பாத்திரம் விளக்க! தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு அழுத்தித் தேய்த்தால், கரி பிடித்த பாத்திரமும் பளபளவென்று வரும். அழுக்குப் போவதோடு, பாத்திரத்தின் மேல்பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பித்தளைக் குடம் அதைத் தாங்கும். மூக்குக்கண்ணாடி தாங்குமா?

தூசி படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்ப்பதும் சாம்பல் போட்டு விளக்குவதும் ஒன்றுதான். துணிதான் தேங்காய் நார். தூசிதான் சாம்பல்.

தங்கம் போனது, தூசி நின்றது

தங்கவயல் தூசி சாதாரணத் தூசியல்ல.

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. அதற்குப் பிறகு 120 ஆண்டுகள் பூமியைக் குடைந்து பாறையை மேலே கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் மட்டும் மூன்று கிலோ மீட்டருக்கு மேல். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த நம் பாட்டன், முப்பாட்டன்களின் வியர்வையில் வெட்டிய பள்ளம் அது.

தங்கம் தனியாகக் கிடைக்காது. குவார்ட்ஸ் என்ற வெள்ளைப் பாறைக்குள் ஒளிந்திருக்கும். நம் கிராமங்களில் வெங்கச்சங்கல் என்பார்களே, அதுதான். பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் ஊற வைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவை மலையாகக் கொட்டினார்கள். அதுதான் தங்கவயலின் சயனைடு மலை. இப்படி 13 மேடுகள். அவற்றில் இருப்பது சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்று கணக்கு. அதில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டு கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

ஆடிக் காற்று அடித்தால் அந்த மேடுகளிலிருந்து மாவு கிளம்பும். கொடியில் காயும் துணியில் படியும். சாப்பாட்டுத் தட்டில் படியும். கண்ணாடியிலும் படியும்.

பொருள்களின் கடினத்தை அளக்க ஒன்று முதல் பத்து வரை ஒரு அளவுகோல் உண்டு. வைரத்துக்குப் பத்து. குவார்ட்ஸுக்கு ஏழு. சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் ஐந்தரை. இன்று பெரும்பாலும் எல்லோரும் போடும் பிளாஸ்டிக் கண்ணாடி அதைவிட மென்மை. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது விதி. ஆகவே ஒரு குவார்ட்ஸ் துகள் போதும். அழுத்தித் துடைத்தால் ஒரு கோடு நிச்சயம்!

தங்கவயலில் இல்லாதவர்கள் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். சாலைப் புழுதியிலும் ஆற்று மணலிலும் இருப்பது இதே குவார்ட்ஸ்தான். பூதிகோட்டையில் கேழ்வரகு தூற்றும் களத்திலும் அது உண்டு. பெங்களூருவில் கட்டடம் கட்டும் தெருவிலும் உண்டு.

அந்தக் காலக் கண்ணாடி

"எங்க அப்பாவும் துண்டாலதான் துடைச்சார். அவர் கண்ணாடி கடைசி வரை நல்லாத்தானே இருந்தது?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி.

மூக்குக்கண்ணாடி நம் வட்டாரத்துக்கு நேற்று வந்த பொருள் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலி நாட்டில் அது பிறந்தது. பிறகு கடல் கடந்து வந்தது. பூதிகோட்டை இருக்கும் இதே கோலார் மாவட்டத்து முல்பாகலில் கல்வி பயின்றவர் வியாசராயர். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் மதித்துப் போற்றிய ஞானி. அவர் சுமார் 1520ஆம் ஆண்டில் மூக்குக்கண்ணாடி போட்டு ஏடு படித்தார் என்று சோமநாதர் என்ற கவி தம் சமஸ்கிருத நூலில் எழுதியிருக்கிறார். இதை எடுத்துக் காட்டியவர் ஆராய்ச்சியாளர் பி.கே. கோடே.

அன்று முதல் நம் பாட்டன் காலம் வரை மூக்குக்கண்ணாடி என்பது உண்மையான கண்ணாடி. கனமாக இருக்கும்; கீழே விழுந்தால் உடையும்; ஆனால் எளிதில் கீறல் விழாது. 1940ஆம் ஆண்டு அமெரிக்காவில் சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்தார்கள். 1947 முதல் அதில் மூக்குக்கண்ணாடி வில்லைகள் வந்தன. எடை பாதி; விழுந்தாலும் உடையாது. மூக்குக்கு நிம்மதி! ஆனால் கீறலுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். கீறல் விழாமல் தடுக்க மேலே பூச்சுப் பூசுகிறார்கள். அந்தப் பூச்சும் தினம் பத்துத் தடவை புழுதித் துணியால் தேய்த்தால் எத்தனை நாள் தாங்கும்?

பாட்டனின் துண்டு பேரன் கண்ணாடிக்கு ஆகாமல் போனதன் காரணம் இதுதான்.

சட்டை செய்யும் தப்பு

நாம் போடும் துணிகளில் கண்ணாடிக்கு ஆகாதவை பல.

சட்டையின் கீழ் ஓரம் உட்காரும் திண்ணையில் எல்லாம் படுகிறது. அதில் புழுதி இல்லாமல் இருக்காது. கஞ்சி போட்ட வேட்டியால் துடைத்தால் கஞ்சியின் மாவு கண்ணாடியில் படலமாக நிற்கும். பெண்கள் முந்தானையால் துடைப்பார்கள். அடுப்படியில் வேலை செய்த முந்தானையில் எண்ணெயும் மஞ்சளும் இருக்கும். பட்டுச் சேலை என்றால் ஜரிகை வேறு. அது உலோக இழை. கண்ணாடியில் படவே கூடாது. துணி மணக்கவும் மிருதுவாக இருக்கவும் கடைசித் தண்ணீரில் ஊற்றும் திரவம் துணி முழுவதும் மெழுகு போல ஒரு பூச்சு விடும். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மங்குவது அதனால்தான்.

காகிதக் கைக்குட்டையும் வேண்டாம். காகிதம் மரக்கூழில் செய்தது. அதன் நார் முரடு.

ஆகவே துடைப்பதற்கென்று தனித் துணி வேண்டும். அது எப்போதும் கையோடு இருக்கவும் வேண்டும். கடையில் கண்ணாடி வாங்கும்போது டப்பாவுக்குள் ஒரு சின்னத் துணி தருகிறார்கள். டப்பா வீட்டு அலமாரியில். நாம் வயலில், ரயிலில், பட்டறையில். தேவைப்படும்போது கையில் கிடைப்பது சட்டை ஓரம்தான்!

அந்தத் துணியைச் சட்டையிலேயே வைத்துவிட்டால் என்ன?

ஜப்பான் நூல், பனிமலைச் சட்டை

இந்த யோசனை வெளிநாட்டில் வந்து நாளாகிவிட்டது.

முதலில் துணியின் கதை. ஜப்பானில் டோரே என்று ஒரு பெரிய நூல் கம்பெனி. அங்கே வேலை பார்த்த மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி 1970ஆம் ஆண்டு மிக மெல்லிய செயற்கை இழையை உருவாக்கினார். மைக்ரோபைபர் என்று இன்று நாம் சொல்லும் நுண்ணிழை அந்த வழியில் வந்தது. ஒன்பது கிலோ மீட்டர் நீளம் எடுத்து நிறுத்தாலும் ஒரு கிராம் எடை வராது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. முதலில் இதில் தோல் போன்ற துணி செய்தார்கள். பிறகு 1980களில் அதே கம்பெனி மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியாக விற்றது.

இதன் சிறப்பு என்ன? சாதாரணப் பருத்தி நூல் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்ணாடி மேலேயே இழுத்துப் பூசும். நுண்ணிழையின் இடுக்குகள் பிசுக்கை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும்.

அடுத்து சட்டையின் கதை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனிமலையில் சறுக்கி விளையாடுவார்கள். கண்ணில் பெரிய கண்ணாடி மாட்டியிருப்பார்கள். அதில் பனித் துளி படிந்தால் வழி தெரியாது. மரத்தில் மோத வேண்டியதுதான். ஆகவே அவர்கள் போடும் கனத்த சட்டையின் பைக்குள் ஒரு துடைக்கும் துணியை ரப்பர் கயிற்றில் கட்டியே தைத்துவிடுகிறார்கள். இழுத்தால் வரும், விட்டால் பைக்குள் போகும், தொலையாது.

ஸ்காட்டிவெஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி ஏராளமான பைகள் வைத்த மேற்சட்டைகளுக்குப் பெயர் பெற்றது. அவர்களும் கண்ணாடிக்கென ஒரு பை வைத்து, அதற்குள் துடைக்கும் துணியை இணைத்திருக்கிறார்கள்.

அவையெல்லாம் ஆயிரக்கணக்கில் விலை. நமக்கு எதற்கு? நம் ஊரில் தையல் மிஷின் இல்லையா!

தையற்காரர் யோசனை

புதுக் கண்ணாடி வாங்கிக் கொண்டு பூதிகோட்டைக்குத் திரும்பியதும், சித்தப்பாவின் இரண்டு சட்டைகளோடு தையற்காரரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். சட்டை ஓரத்தின் உள்பக்கம் அந்தத் துணியை அப்படியே ஒட்டுப் போட்டுத் தைத்துவிடச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"அது சரிப்படாதுண்ணே. ஓரத்துல தைச்சா உட்காரும்போது மண்ணு ஒட்டும். சட்டையோட சேர்த்துச் சோப்புப் பவுடர்ல போட்டுத் துவைப்பாங்க. கஞ்சியும் போடுவாங்க. அப்புறம் அந்தத் துணியும் சட்டை ஓரம்தான்."

"வேற என்ன செய்யலாம்?"

"நம்ம பெரியவங்க பட்டாப்பட்டி டவுசர்ல பணத்துக்கு உள்பை வெச்சுப்பாங்க இல்ல? அது மாதிரி சட்டைக்கு உள்ளே நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னப் பை. மேலே மூடி. துணியை நாடாவுல தைச்சு, நாடாவைப் பிரஸ் பட்டன்ல மாட்டிடலாம். துவைக்கும்போது கழட்டிக்கலாம்."

அருமையான யோசனை! கழற்றி மாட்டும் வசதிதான் இதில் உயிர்நாடி. தூசி படாமல் மூடி காக்கிறது. தனியாக அலசப் பட்டன் உதவுகிறது.

சாண் அகலத்தில் ஒரு நுண்ணிழைத் துணி, ஒரு முழம் நாடா, ஒரு பிரஸ் பட்டன், உள்பைக்குக் கொஞ்சம் வெட்டுத் துணி. அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். நுண்ணிழைத் துணி கிடைக்காதவர்கள் பல தடவை துவைத்து மெத்தென்று ஆன வெள்ளைப் பருத்தித் துணியை வைத்துக் கொள்ளலாம். சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

பெண்களுக்கு? சுருக்குப்பையை இடுப்பில் செருகும் வழக்கம் நம்மிடம் இருந்ததே! அதே போலச் சின்னதாக ஒரு பை தைத்து, அதற்குள் துணியை நாடாவில் மாட்டி இடுப்பில் செருகிக் கொள்ளலாம். சுடிதார் போடுபவர்கள் பக்கவாட்டுப் பையின் உள்ளே இன்னொரு சிறு பை வைக்கலாம்.

முதலில் தண்ணீர்

சட்டைக்குள் பை வைத்தாயிற்று என்று உடனே எடுத்துத் தேய்க்கக் கூடாது. எவ்வளவு நல்ல துணியானாலும், கண்ணாடி மேல் மணல் துகள் இருந்தால் கீறல்தான்.

தூசி படிந்த கண்ணாடியை முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். துகள்கள் ஓடிவிடும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் ஒரு சொட்டு விரலில் தொட்டு இரு பக்கமும் மெல்லத் தடவுங்கள். மூக்கில் படும் இடத்தையும் கழுவுங்கள். பிசுக்கு சேரும் இடம் அது. மறுபடி தண்ணீர் காட்டி உதறுங்கள். அதன் பிறகு துணியால் ஒற்றி எடுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், மேல்பூச்சு கெடும். வெளியில் தண்ணீர் கிடைக்காத இடத்தில், தூசியை முதலில் வாயால் ஊதிவிட்டு, அழுத்தாமல் துடைக்க வேண்டும்.

துணியை வாரம் ஒரு முறை சாதாரண சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால் போதும். வாசனைத் திரவமும் கஞ்சியும் கூடாது.

சோப்புத் தண்ணீரால் இன்னொரு பயனும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்டதும் மூச்சுக் காற்று மேலே ஏறிக் கண்ணாடி புகைந்தது நினைவிருக்கிறதா? அந்தத் தொல்லை மருத்துவர்களுக்குப் பழையது. சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, காற்றில் உலர விட்டால் கண்ணாடி அவ்வளவாகப் புகையாது என்று 2011ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். கவசத்தின் மூக்குப் பகுதியில் வளையும் கம்பி வைத்ததும் மூச்சு மேலே ஏறாமல் தடுக்கத்தான். துணியைச் சரியாகத் தைத்தால் கண்ணாடியைக் காக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

கண்ணாடியும் கூலியும்

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம்.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூரு போகும் ரயிலைப் பாருங்கள். சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் மக்களுக்குச் சோறு போடுவது அந்த ரயில்தான். ஆயிரக்கணக்கான பேர் தினம் போய் வருகிறார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குத் தைக்கப் போகும் பெண்களும் அதில் உண்டு. நாற்பது வயது தாண்டினால் ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி மங்கினால் தையல் கோணும், கணக்குக் குறையும், வேலைக்கே ஆபத்து.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த தொழிலாளர்களிடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள். கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி கொடுத்தவர்கள் ஒரு பக்கம். கொடுக்காதவர்கள் ஒரு பக்கம். கண்ணாடி போட்டவர்களின் உழைப்புப் பலன் மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. இந்த முடிவு 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. கூடை நிறைவது கையால் மட்டுமல்ல, கண்ணாலும்தான்!

அப்படி உழைப்பைக் கூட்டும் கண்ணாடியைக் கீறல் விழாமல் வைத்திருப்பது, சம்பளத்தைப் பத்திரமாக வைத்திருப்பதற்குச் சமம். கீறல் விழுந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மாற்றப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? என் சித்தப்பாவைப் போலக் கண்ணே போய்விட்டது என்று மூலையில் உட்கார்ந்து விடுவார்.

ஒன்றை மறக்கக் கூடாது. பார்வை மங்கினால் கண்ணாடி மேல் பழி போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கண்புரையாகவும் இருக்கலாம், சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போகும்போது கண்ணாடியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

போன வாரம் பூதிகோட்டைக்கு மறுபடி போயிருந்தேன். சித்தப்பா திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். பழக்க தோஷம், கை சட்டை ஓரத்துக்குப் போனது. பாதியில் நின்றது. எழுந்து போய்க் குழாயடியில் கழுவினார். சட்டைக்குள் கைவிட்டு நாடாவை இழுத்தார். ஒற்றித் துடைத்து மாட்டிக் கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தலையில நரை வந்திருக்குடா. இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல!" என்றார்.